விலை கேட்பது கடன் கேட்பதாகுமா?

பிரிட்டனில் கார் வைத்திருக்கும் தமிழர்களிடம் ஒரு நம்பிக்கை ஊன்றிப்போயிருக்கிறது. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் நாலைந்து இணையதளங்களில் விலை விசாரித்தால் கிரெடிட் ஸ்கோர் இறங்கிவிடும், நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி கையை விரித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கோயில் அன்னதான வரிசையிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாசலிலும் ஒருவர் சொல்ல, அடுத்தவர் தலையாட்ட, அது உறுதியான செய்தியாகிவிட்டது. அதனால் பழைய கம்பெனி அனுப்பும் புதுப்பிப்புக் கடிதத்தில் எந்தத் தொகை அச்சாகியிருக்கிறதோ, அதை அப்படியே கட்டிவிடுகிறார்கள்.

இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. விலை கேட்பதால் மட்டும் யாருடைய ஸ்கோரும் குறைவதில்லை. உண்மையிலேயே நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதே திரையில், விலை கேட்கும் பக்கத்தைத் தாண்டி, பணம் கட்டும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வந்ததும் எல்லோரும் யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இந்த இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி சொல்லாமல் விட்டது இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பும் செய்த பிழை.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2002இல் கார்டிஃப் நகரில் கன்ஃப்யூஸ்டு டாட் காம் தொடங்கியதிலிருந்து பிரிட்டனில் கார் இன்ஷூரன்ஸ் வாங்கும் முறையே மாறிவிட்டது. பெயர், முகவரி, வேலை, வண்டி எண், ஓட்டிய ஆண்டுகள், முந்தைய விபத்துகள் ஆகியவற்றை ஒரே ஒரு படிவத்தில் நிரப்பினால் போதும். பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் விலை சொல்கின்றன. விலை சொல்லும் முன், கேட்பவர் சொன்ன பெயரில் அந்த முகவரியில் ஓர் ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா, வேறொருவரின் அடையாளத்தைத் திருடி யாராவது கேட்கிறாரா, கட்டத் தவறிய கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் அவர் மேல் இருக்கிறதா என்று அந்த நிறுவனங்கள் பார்க்க விரும்புகின்றன. இதற்காக எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்றிடமோ பலவற்றிடமோ கேட்கின்றன.

இப்படிப் பார்ப்பதற்குத்தான் சாஃப்ட் செர்ச் என்று பெயர். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை நீங்கள் எடுத்துப் பார்த்தால், எந்த நிறுவனம் எந்தத் தேதியில் பார்த்தது என்ற வரி அதில் இருக்கும். வீட்டுக்கடனுக்காக அதே ரிப்போர்ட்டை எடுக்கும் வங்கிக்கு அந்த வரி தெரியாது. ஸ்கோர் கணக்கிலும் அது சேராது. ஒரே மாலையில் இருபது இடங்களில் விலை கேட்டாலும் நிலைமை இதுதான்.

ஹார்ட் செர்ச் வேறு. கிரெடிட் கார்டு, கார் கடன், வீட்டுக்கடன் என்று எதற்காவது விண்ணப்பித்தால் அது பதிவாகும். மற்ற கடன் நிறுவனங்களும் அதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஓராண்டு வரை ரிப்போர்ட்டில் நிற்கும். ஒன்றிரண்டு இருந்தால் பெரிய பாதிப்பில்லை. குறுகிய காலத்தில் வரிசையாக நாலைந்து விழுந்தால், இந்த ஆளுக்குப் பணமுடை போலிருக்கிறது, எல்லா இடத்திலும் கேட்டுப் பார்க்கிறார் என்று வங்கி நினைக்கும்.

விலை கேட்டு முடித்த பிறகு, ‘ஆண்டுக்கு ஒருமுறை கட்டுகிறீர்களா, மாதாமாதம் கட்டுகிறீர்களா’ என்று திரை கேட்கும் இடத்தில்தான் விலை கேட்பது கடன் கேட்பதாக மாறுகிறது. டெபிட் கார்டில் முழுத் தொகையையும் கட்டினால் அதோடு கதை முடிந்தது. மாதாமாதம் என்ற பொத்தானை அழுத்தி, அதற்கு வட்டியும் சேர்ந்தால், அழுத்தியவர் ஒரு கடன் வாங்குகிறார். முழு ஆண்டு பிரீமியத்தையும் அந்த நிறுவனமோ, அதன் பின்னால் நிற்கும் ஒரு நிதி நிறுவனமோ அவருக்குக் கடனாகத் தருகிறது. அவர் அதை வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் அதைக் கடன் ஒப்பந்தமாகத்தான் பார்க்கிறது. கடன் என்றால் ஹார்ட் செர்ச்சும் வரலாம். பல நிறுவனங்கள் செய்கின்றன. சில நிறுவனங்கள் சாஃப்ட் செர்ச்சோடு நிறுத்திக்கொள்கின்றன. வட்டியே வாங்காமல் மாதத் தவணை தரும் நிறுவனங்களும் உண்டு. எது எப்படி என்று வாங்குபவருக்குத் தெரிவதுதான் கடினமாக இருக்கிறது.

லண்டன் ஹாரோவில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். வடமராட்சிக்காரர், வந்து அதிக காலமாகவில்லை. இரவு வேலைக்கு பஸ் கிடையாது என்பதால் கார் வாங்கினார். பிறகு மொபைல் ஒப்பந்தம் ஒன்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். ‘கொட்டேஷன் கனக்க எடுத்துப்போட்டன் அண்ணை, அதுதான் ஸ்கோர் விழுந்திட்டுது’ என்று மனமுடைந்து சொன்னார். இலவசமாகக் கிடைக்கும் ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லி, இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம்.

தேடல்கள் என்ற பகுதி இரண்டாகப் பிரிந்திருந்தது. அவருக்கு மட்டும் தெரியும் பகுதியில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் பெயர்கள் நீளமாக ஓடின. பாதிக்கு மேல் அவர் கேள்விப்படாதவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை விசாரணை என்ற பொருளில் ஒரு குறிப்பு. மற்றவர்களுக்கும் தெரியும் பகுதியில் ஒரே ஒரு வரி. அவர் பாலிசி எடுத்த அதே தேதி, அவருக்குச் சற்றும் தெரியாத ஒரு நிதி நிறுவனத்தின் பெயர். ‘இவை ஆர் அண்ணை? நான் இவையளிட்ட ஒண்டும் கேக்கேல்லையே’ என்றார். அவருடைய மின்னஞ்சலில் தேடினோம். பாலிசி வந்த அன்றே கடன் ஒப்பந்தமும் வந்திருந்தது. அது திறக்கப்படவே இல்லை.

ஆனால் மொபைல் மறுக்கப்பட்டதற்கு அந்த ஒரு வரியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. முகவரியில் வீட்டு எண் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் மற்றோர் இடத்தில் வேறு மாதிரியும் பதிவாகியிருந்தது. வாக்காளர் பதிவு என்ற கட்டம் காலியாக இருந்தது. கடன் வரலாறு என்று சொல்ல எதுவும் இல்லை. கொழும்பில் கடன் தகவல் பணியகம் 1990இலிருந்து இயங்குகிறது. அங்கே ஒருவர் எவ்வளவு ஒழுங்காகக் கடன் கட்டியிருந்தாலும் ஹீத்ரோவில் இறங்கியதும் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போகிறவருக்கும் அதுதான். இந்தியக் கடன் தகவல் நிறுவனமான சிபிலில் மதிப்பெண் எண்ணூறு இருந்தாலும் பிரிட்டன் வங்கி பொதுவாக அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் வாக்காளர் பட்டியலில் சேர பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டும் என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், முறையான விசாவில் அங்கே வசித்தால், வாக்காளராகப் பதிவு செய்யலாம். இந்தியா, இலங்கை இரண்டும் அதில் அடக்கம். மாணவர்களுக்கும் இது பொருந்தும். சில நிமிடங்களில் இணையத்தில் முடிந்துவிடும் வேலை. இந்த ஆள் இந்த முகவரியில் இருக்கிறார் என்று கடன் தகவல் நிறுவனங்கள் உறுதிசெய்துகொள்ள இந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கின்றன. விலை விசாரிக்க அஞ்சுகிற பலர், ரிப்போர்ட்டை உண்மையிலேயே பலப்படுத்தும் இந்த வேலையைச் செய்யாமல் இருக்கிறார்கள். வாக்குரிமையையும் சேர்த்து இழக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம்.

விலை கேட்காமல் இருப்பதன் நஷ்டம் சிறியதல்ல. முன்பெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஒரே கம்பெனியில் இருப்பவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக விலையை ஏற்றுவார்கள். பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது என்று எஃப்சிஏ எனப்படும் நிதி நடத்தை ஆணையம் 2022 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதற்கும் முன்பே, 2017 ஏப்ரலிலிருந்து, புதுப்பிப்புக் கடிதத்தில் சென்ற ஆண்டுத் தொகையையும் காட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு கம்பெனிக்குள் பழையவர், புதியவர் என்ற பேதத்தைத்தான் அவை நீக்கின. ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் இடையே உள்ள விலை வேறுபாடு அப்படியே இருக்கிறது. கேட்டால்தான் அது தெரியும். பாலிசி முடிவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே கேட்டால் விலை பெரும்பாலும் குறைவாக வரும். கடைசி நாளில் கேட்பவருக்குக் கூடுதலாகத்தான் சொல்வார்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். விலையைக் குறைப்பதற்காக வேலையையும் முகவரியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். அது கிரெடிட் ரிப்போர்ட்டைத் தொடாது. ஆனால் முந்தைய விசாரணைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழி இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிடம் இருக்கிறது. பொய்யான விவரத்தில் எடுத்த பாலிசி விபத்து நடக்கும் நாளில் கைகொடுக்காது.

மாதத் தவணைக்கு வருவோம். ஆண்டு பிரீமியம் 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 பவுண்டு முன்பணம், மீதி 1,080 பவுண்டு பத்து மாதத் தவணை, ஆண்டு வட்டி விகிதம் 25 சதவீதம். கணக்குப் போட்டால் வட்டி மட்டும் ஏறக்குறைய 115 பவுண்டு வருகிறது. இது மிகைப்படுத்திய வட்டி அல்ல. இந்தச் சந்தையில் 20 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையே வாங்குவது வழக்கமாகிவிட்டது. மொத்தத் தொகையை ஒரே நாளில் கட்ட வசதியில்லாதவர்தான் தவணையைத் தேர்ந்தெடுக்கிறார். அதே காப்புக்கு வசதியுள்ளவரைவிட அவர் கூடுதலாகக் கட்டுகிறார். கார் இன்ஷூரன்ஸ் அங்கே சட்டப்படி கட்டாயம். எனவே வாங்காமல் இருக்கவும் முடியாது.

இந்த வட்டிக்கு நியாயம் சொல்ல முடியாது என்பது என் கருத்து. கிரெடிட் கார்டில் கடன் வாங்கியவர் பொருளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பணம் திரும்ப வராமல் போகும் ஆபத்து வங்கிக்கு உண்டு. இன்ஷூரன்ஸ் அப்படியில்லை. விற்கப்படும் காப்பு நாளுக்கு நாள் செலவாகிறது. தவணை வரவில்லையென்றால் பாலிசியை ரத்துசெய்துவிடலாம். மீதி மாதங்களுக்கான காப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. இவ்வளவு பாதுகாப்பான கடனுக்கு கிரெடிட் கார்டுக்குச் சமமான வட்டியா? அதற்கு மேல் ரிப்போர்ட்டில் ஒரு ஹார்ட் செர்ச்சும் வேண்டுமா? எஃப்சிஏ 2024 அக்டோபரில் பிரீமியம் கடன்களைப் பற்றித் தனியாகச் சந்தை ஆய்வைத் தொடங்கியபோது, சிலருக்கு நியாயமான மதிப்பு கிடைக்கவில்லையோ என்ற கவலையை வெளிப்படையாகவே சொன்னது. கவலையை ஒப்புக்கொண்ட அமைப்பு, பொத்தானின் மேல் எழுதப்படும் சொற்களையாவது உடனே திருத்தச் சொல்லியிருக்கலாம்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தவறிய தவணை ரிப்போர்ட்டில் ஏறலாம். அது ஹார்ட் செர்ச்சைவிடப் பல மடங்கு கெடுதல், ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதோடு பாலிசி ரத்தாகலாம். உங்கள் பாலிசியை எந்த நிறுவனமாவது ரத்து செய்திருக்கிறதா என்று அடுத்த இன்ஷூரன்ஸ் படிவம் கேட்கும். ஆம் என்று சொன்னால் விலை ஏறும். ரத்தானதைக் கவனிக்காமல் வண்டியை எடுத்தால் 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 புள்ளிகளும். முதன்முதலாக ஓட்டுநர் தேர்வில் தேறி இரண்டு ஆண்டு முடியாதவருக்கு 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸே போய்விடும். மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். இலங்கை, இந்திய லைசென்ஸில் அங்கே 12 மாதம்தான் ஓட்ட முடியும், பிறகு அங்கே தேர்வில் தேற வேண்டும் என்பதால், ஊரில் இருபது ஆண்டு பஸ் ஓட்டியவர்கூட இந்த ‘புது ஓட்டுநர்’ பட்டியலில்தான் வருகிறார். வங்கிக் கணக்கு மாற்றியபோது தவணைக்கான நேரடிப் பற்றை (டைரக்ட் டெபிட்) மாற்ற மறந்ததில் தொடங்கி, வேலையே போய்விடும் வரைக்கும் இது இழுத்துப் போகக்கூடும்.

விலையைத் தீர்மானிப்பதில் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு என்ன பங்கு என்பது இதைவிட இருட்டான பகுதி. சாஃப்ட் செர்ச் உங்கள் ரிப்போர்ட்டில் தழும்பு ஏற்படுத்தாது. ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது உங்கள் விலையில் தெரியலாம். இதில் நீண்ட அனுபவம் அமெரிக்காவுக்கு இருக்கிறது. அங்கே 1990களிலிருந்தே கடன் வரலாற்றை வைத்து இன்ஷூரன்ஸுக்கென்று தனி மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஓரளவு முன்கூட்டியே காட்டுகிறது என்று 2007இல் மத்திய வணிக ஆணையத்தின் அறிக்கை சொன்னது. அதே அறிக்கை, கறுப்பின மக்களும் ஹிஸ்பானியரும் குறைந்த மதிப்பெண் வரிசையில் அதிகமாக இருப்பதையும் காட்டியது. 2015இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நடத்திய ஆய்வின் ஒரு முடிவை என்னால் மறக்க முடியவில்லை. புளோரிடாவில் ஒரு குற்றமும் செய்யாத, ஆனால் கடன் மதிப்பெண் மோசமாக உள்ள ஓட்டுநர், குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்ற, ஆனால் மதிப்பெண் சிறப்பாக உள்ள ஓட்டுநரைவிடச் சராசரியாக 1,500 டாலருக்கும் மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. சாலையில் யார் ஆபத்தானவர் என்பதற்கு இதுதான் அளவுகோல் என்றால் அதில் ஏதோ அடிப்படைக் கோளாறு இருக்கிறது. கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் மாநிலங்கள் கார் இன்ஷூரன்ஸ் விலையில் கடன் மதிப்பெண்ணைச் சேர்க்க அனுமதிப்பதில்லை. அங்கேயும் கம்பெனிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

அமெரிக்காவிடம் நாம் எடுத்துக்கொள்ள நல்லது ஒன்றும் இருக்கிறது. 1970இல் வந்த நியாயமான கடன் தகவல் சட்டப்படி, ரிப்போர்ட்டைப் பார்த்து ஒருவருக்கு விலையை உயர்த்திச் சொன்னால், அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட் என்றும் சொல்ல வேண்டும். முதன்முறை விலை கேட்பவருக்கும் இது பொருந்தும் என்று 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிரிட்டனில் விலை கேட்பவருக்கு அப்படித் தனிக் கடிதம் வருவதில்லை. வெள்ளையர் அல்லாதோர் அதிகம் வாழும் பகுதிகளில் கார் பிரீமியம் கூடுதலாக இருப்பதை 2022இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அறிக்கையாகவே வெளியிட்டது. ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் இருக்கிற நம்மவர்கள் ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், கணினி அப்படிச் சொல்கிறது என்பதுதான் பதிலாக வருகிறது.

தமிழ்நாட்டு வாசகர் இதைத் தூரத்துச் செய்தியாகப் படிக்க வேண்டாம். இந்தியாவிலும் கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து ரிப்போர்ட் பெற அனுமதியுள்ளவர்களின் பட்டியலில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் இருக்கின்றன. இங்கேயும் ஒப்பீட்டுத் தளங்கள் பெருகிவிட்டன. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டும் இடத்தில் ‘இஎம்ஐ வசதி’ என்ற பொத்தான் வந்துவிட்டது. இதில் இரண்டு வகை உண்டு. காப்பீட்டு நிறுவனமே மாதத் தவணையாகப் பிரீமியம் வாங்கிக்கொண்டால் அது கடன் ஆகாது. வங்கி சாரா நிதி நிறுவனம் ஒன்று முழுப் பிரீமியத்தையும் கட்டிவிட்டு உங்களிடம் மாதாமாதம் வசூலித்தால், அது கடன். சிபிலில் விசாரணையாகவும் கடன் கணக்காகவும் ஏறும். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு மூன்றாண்டுப் பிரீமியத்தை இஎம்ஐயில் போட்டவர், தன் பெயரில் ஒரு கடன் ஓடுகிறது என்பதை வீட்டுக்கடன் கேட்கும்போதுதான் அறிகிறார்.

ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் பிரிட்டனைவிட ஒரு படி முன்னால் போயிருக்கிறது என்றே சொல்வேன். 2023 அக்டோபரில் பிறப்பித்து, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் கடன் தகவல் நிறுவனம் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டில் பிழை இருப்பதாகப் புகார் செய்து 30 நாளில் தீர்க்கவில்லை என்றால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. வரும் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாமல் படிக்க வேண்டும். அறியாத பெயர் இருந்தால் அன்றைக்கே கேட்க வேண்டும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. மூன்று நிறுவனங்களும் ரிப்போர்ட்டை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. தவறான பதிவைத் திருத்தக் கேட்கலாம். திருத்த மறுத்தால் 200 சொல்லுக்குள் உங்கள் தரப்பு விளக்கத்தை ரிப்போர்ட்டிலேயே சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கடன் கொடுப்பவர் அதையும் பார்த்தாக வேண்டும். ஹாரோ தம்பி முகவரியைத் திருத்தினார், வாக்காளர் பட்டியலில் பதிந்தார். அடுத்த ஆண்டு பாலிசிக்கு மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து முழுத் தொகையாகக் கட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லோராலும் அப்படி ஒதுக்கி வைக்க முடியாது. வாடகை போக மிச்சமில்லாதவர் தவணையில்தான் எடுப்பார், எடுக்கட்டும். அவர் அழுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் மூன்று விவரங்கள், விலையை அச்சிடும் அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்: இது கடன், இதற்கு மொத்த வட்டி இத்தனை பவுண்டு, இதற்காக உங்கள் ரிப்போர்ட்டில் மற்றவர் பார்க்கும்படியான பதிவு விழும் அல்லது விழாது. விலை கேட்கும் முதல் பக்கத்தில் இன்னொரு வரி: இப்போது விலை கேட்பதால் உங்கள் ஸ்கோர் குறையாது. இதை எழுத நிறுவனங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. எழுத வைக்கும் அதிகாரம் எஃப்சிஏயிடம் இருக்கிறது. இந்தியாவில் இஎம்ஐ பொத்தானுக்கு அதே வரிகளைக் கட்டாயமாக்க ரிசர்வ் வங்கியும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.